நன்செய்யில் கலந்த நஞ்சு

நெல் விளையும் நீர்வள நிலத்துக்கு நம் முன்னோர் இட்ட பெயர் நன்செய். பேச்சு வழக்கில் அது நஞ்சை என மருவிற்று, புன்செய் புஞ்சையாயிற்று. நஞ்சை என்று எழுதிய பிறகு, அச்சொல்லுக்குள் நஞ்சு ஒலிப்பதைக் காதில் வாங்காதிருக்க நாம் நெடுங்காலமாகப் பழகிவிட்டோம். பத்திரங்களையும் தீர்ப்புகளையும் ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்க்கும் அலுவலில் இருப்போர்க்கு மட்டும் அச்சொல் அவ்வப்போது காலில் இடறும். ஐதராபாத் நகருக்கு வடமேற்கே, மும்பை செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், இந்த ஒலி ஒற்றுமை மெய்யாகவே நிலத்தின் வரலாறாகிவிட்ட ஊர்கள் சில உள்ளன. அவ்வூர்களின் உழவரைப் பற்றியே இங்கே பேச எண்ணுகிறோம்.

அப்பகுதிக்குப் பட்டான்செரு என்று பெயர். அது முன்னர் மேதக் மாவட்டத்தைச் சேர்ந்தது. 2016ஆம் ஆண்டு மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபோது சங்காரெட்டி மாவட்டத்துக்குப் போயிற்று. தெலுங்கில் செருவு என்றால் ஏரி. ஆகவே ஊர்ப்பெயரின் ஈற்றிலேயே ஓர் ஏரி நிற்கிறது. குண்ட என்றால் குட்டை. வாகு என்றால் ஓடை. அங்கே ஓடும் ஓடைகளின் பெயர்களைத் தமிழர் எளிதில் நினைவில் வைத்துக்கொள்ளலாம்: இசுகவாகு மணல் ஓடை, பாமுலவாகு பாம்போடை, நக்கவாகு நரியோடை. நரியோடை மஞ்சீரா ஆற்றில் கலக்கிறது. மஞ்சீரா கோதாவரியில் கலக்கிறது. கருங்கற்பாறை மீது மெல்லிய மண் போர்த்த மேட்டுநிலம் அது. பெருநதி பாயாத அத்தகைய நிலத்தில் காகதீய மன்னர் காலம்தொட்டு மழைநீரைத் தேக்கி ஏரிகளும் குட்டைகளும் அமைத்து, அவற்றின் கீழ் நெல்லும், மேட்டில் சோளமும் விளைத்து வந்தனர். செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிப் பாசனத்தைக் கண்டவர்களுக்கு இந்த நிலம் அயலாகத் தோன்றாது.

நம்மவர்க்கும் அப்பகுதிக்கும் உறவு உண்டு. பட்டான்செருவை ஒட்டிய இராமச்சந்திராபுரத்தில் 1960களில் பாரத மிகுமின் தொழிற்சாலை எழுந்தபோது, தமிழ்நாட்டிலிருந்து பொறியாளரும் தொழிலாளரும் குடும்பத்தோடு வந்து அங்கே குடியேறினர். நகருக்கு மஞ்சீரா நீர் 1965 முதல் குழாய் வழியே வரத் தொடங்கியது. குழாய் நீர் பெற்ற நகர மக்களுக்கும், கிணற்று நீரையே நம்பியிருந்த சுற்றுப்புறக் கிராமத்தாருக்கும் இடையே உள்ள வேறுபாடு அக்காலத்தில் பெரிதாகத் தோன்றவில்லை. பின்னர் நடந்த அனைத்தும் அந்த வேறுபாட்டைச் சுற்றியே நடந்தது.

1970களின் தொடக்கத்தில் பட்டான்செருவுக்கு இரண்டு விருந்தினர் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்தனர். முதலாவது, 1972இல் நிறுவப்பெற்ற அனைத்துலக வறண்ட வெப்பமண்டலப் பயிர் ஆராய்ச்சி நிலையம். சோளம், கம்பு, துவரை, கொண்டைக்கடலை, நிலக்கடலை ஆகிய ஏழை உழவரின் பயிர்களை மேம்படுத்துவதே அதன் நோக்கம். உலகெங்கிலுமிருந்து விஞ்ஞானிகள் அங்கே வந்து பணிபுரிந்தனர். இரண்டாவது, தொழிற்பேட்டை. ஆந்திர மாநிலத்தின் தொழில் அடிப்படை வசதிக் கழகம் 1973இல் தோன்றியது. அடுத்த சில ஆண்டுகளில் பட்டான்செருவில் தொழிற்பேட்டை அமைந்தது. பின்தங்கிய மாவட்டம் என்ற பெயரில் வரிச்சலுகையும் மானியமும் கிடைத்தன. 1980இல் இந்திரா காந்தி அம்மையார் மேதக் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபின் அம்மாவட்டத்தின்மீது ஆட்சியாளரின் கவனம் மேலும் கூடிற்று. பொல்லாரம், பாசமயிலாரம், காஜிப்பள்ளி, கட்டபோத்தாரம், பொந்தப்பள்ளி எனப் பேட்டைகள் பெருகின. மருந்துக்கான மூலப்பொருள்களைச் செய்யும் தொழிற்கூடங்கள் அவற்றுள் மிகுதி.

நீர் மாசுத் தடுப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 1974இல். ஆந்திர மாநிலத்தின் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது 1976இல். தொழிற்பேட்டை பிறந்து வளர்ந்த அதே ஆண்டுகள் இவை. எனவே சட்டம் பிந்தி வந்ததால் தீங்கு நேர்ந்தது என்று சொல்ல இடமில்லை. கழிவைச் சுத்திகரிக்கும் பொது நிலையம் பட்டான்செருவில் இயங்கத் தொடங்கியது 1994இல்தான். இடைப்பட்ட ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் கழிவு எங்கே போயிற்று என்பதற்கு அங்குள்ள உழவர் சொல்லும் விடை எளியது: நிலம் எந்தப் பக்கம் சரிந்ததோ அந்தப் பக்கம் போயிற்று.

ஓடை நீரின் நிறம் மாறிற்று. மணம் மாறிற்று. நெற்பயிர் கருகிற்று என்றும், ஓடையில் குடித்த மாடுகள் மாண்டன என்றும், கிணற்று நீரைக் குடிக்க முடியவில்லை என்றும் உழவர் முறையிட்டனர். சுல்தான்பூர், கிஷ்டாரெட்டிப்பேட்டை, போச்சாரம், இந்திரேசம், பாச்சுகூடம் முதலிய ஊர்கள் அவ்வாறு பேசப்பட்டவை. பட்டான்செருவில் தொழில் நடத்திவந்த மருத்துவர் அல்லானி கிஷன் ராவ் இவ்வூர்களின் குறைகளை வெளியுலகுக்கு எடுத்துச் சென்றவர்களுள் முதன்மையானவர். தம்மிடம் வந்த நோயாளிகளின் உடலில் கண்டதை அலுவலகப் படிகளிலும் நீதிமன்றப் படிகளிலும் பல்லாண்டுகள் சொல்லிவந்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிறமும் மணமும் உள்ள தீங்கை உழவர் தாமே கண்டறிந்தனர். அதற்கு ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை. ஆனால் அந்நீரில் கண்ணுக்கும் மூக்குக்கும் நாவுக்கும் புலப்படாத ஒன்றும் இருந்தது. அதுவே ஆர்சனிக்.

ஆர்சனிக் நமக்குப் புதிய பொருளன்று, பெயர்தான் புதிது. நம் சித்த மருத்துவ நூல்கள் பாஷாணங்களை அறுபத்து நான்காக வகுத்து, முப்பத்திரண்டு இயற்கையில் கிடைப்பவை, முப்பத்திரண்டு செய்யப்படுபவை என்று கூறும். அவற்றுள் வெள்ளைப் பாஷாணம், தாளகம், மனோசிலை ஆகியன ஆர்சனிக் சேர்ந்தவை. தாளகத்துக்கு அரிதாரம் என்றும் பெயர். அந்த மஞ்சட்பொடியை முகத்தில் பூசிக் கூத்தாடியதால், வேடம் புனைவதையே அரிதாரம் பூசுதல் என்கிறோம். நாடக மேடையில் அப்பெயர் இன்றும் வழங்குகிறது. மேற்படி பொடி வழங்கவில்லை என்பது நடிகர்களின் நல்லூழ். சித்தர் இப்பொருள்களைச் சுத்தி செய்யாமல் மருந்தாக்கக் கூடாது என்று விதித்தனர். வீடுகளில் எலிப் பாஷாணம் என்றால் குழந்தைகளைத் தூர விரட்டுவார்கள்.

மேலைநாட்டிலும் கதை இவ்வாறே. நிறமும் மணமும் இல்லாத வெள்ளைப் பாஷாணம் நெடுங்காலம் கொலைகாரரின் துணையாயிருந்தது. 1836இல் ஜேம்ஸ் மார்ஷ் என்னும் ஆங்கில வேதியியலார் உணவிலும் பிணத்திலும் சிறிதளவு ஆர்சனிக் இருந்தாலும் காட்டிக்கொடுக்கும் சோதனையை வெளியிட்ட பிறகே நீதிமன்றங்களுக்குத் தெம்பு வந்தது. 1910இல் ஜெர்மானிய அறிஞர் பால் ஏர்லிக் ஆர்சனிக் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருளை மேகநோய்க்கு மருந்தாக்கினார். பென்சிலின் வரும்வரை அதுவே அந்நோய்க்குப் பெருமருந்து. அந்த வழியில் வந்தவையே கால்நடைக்கும் கோழிக்கும் தரப்பட்ட ஆர்சனிக் மருந்துகள். கோழித் தீவனத்தில் கலக்கும் ராக்சார்சோன் என்ற பொருள் அமெரிக்காவில் 1940களிலிருந்து வழங்கியது. அதை உண்ட கோழிகளின் ஈரலில் கொடிய வகை ஆர்சனிக் மிகுந்திருப்பதை அந்நாட்டு உணவு மருந்து ஆணையம் 2011இல் வெளியிட்டதும் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. 2013இல் அனுமதியே நீக்கப்பட்டது. கரிமத்தோடு பிணைந்த ஆர்சனிக் பெரும்பாலும் அத்துணைக் கொடியதன்று. ஆனால் மண்ணிலும் எருக்குவியலிலும் கிடந்து சிதையும்போது கரிமம் நீங்கிய கொடிய வடிவுக்கு மாறும். மருந்து செய்த இடத்துக் கழிவுக்கும் இது பொருந்தும்.

பட்டான்செருப் பகுதியின் ஆர்சனிக்கைப் பற்றி ஐதராபாத் விஞ்ஞானிகள் செய்த ஆய்வு ஒன்று 2003இல் அனைத்துலகச் சுற்றுச்சூழல் ஆய்விதழில் வெளியாயிற்று. கால்நடைகளுக்கான ஆர்சனிக் மருந்துகளைச் செய்துவந்த தொழிற்கூடத்தின் கழிவை அது ஊற்றாகக் காட்டியது. அந்த ஆய்வின் சிறப்பு அது தொடர்ந்து சென்ற வழியில் உள்ளது. நீரைச் சோதித்ததோடு ஆய்வாளர் நிற்கவில்லை. மண்ணைச் சோதித்தனர், மாட்டுத் தீவனத்தைச் சோதித்தனர், பாலையும் காய்கறிகளையும் சோதித்தனர், பின்னர் அவ்வூர் மக்களின் குருதி, சிறுநீர், தலைமயிர், நகம் ஆகியவற்றைச் சோதித்தனர். மாசுபடாத இடத்தாரோடு ஒப்பிட்டபோது இவ்வூரார் உடலில் ஆர்சனிக் மிகுந்திருந்தது.

நகமும் மயிரும் ஏன் வேண்டியிருந்தன என்று சிலர் கேட்கலாம். குருதியில் ஆர்சனிக் நெடுநேரம் தங்குவதில்லை; சில மணி நேரத்தில் அகன்றுவிடும். சிறுநீர் கடந்த சில நாள்களின் செய்தியைச் சொல்லும். நகத்திலும் மயிரிலும் கந்தகம் சேர்ந்த புரதம் உண்டு. ஆர்சனிக் அந்தக் கந்தகத்தைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. மயிர் மாதம் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு செண்டிமீட்டர் வளர்கிறது. ஆகவே ஒருவர் சென்ற சில மாதங்களில் எதைக் குடித்தார், எதை உண்டார் என்பதன் குறிப்பேடு அவர் தலையிலும் விரல் நுனியிலும் எழுதப்பட்டு வருகிறது. ஊராட்சி அலுவலகத்தில் பதிவாகாதது நாவிதரின் கத்தரியில் விழுந்தது எனலாம்.

உழவர்க்கு இத்தீங்கு ஏன் பன்மடங்கு ஆகிறது என்பதே இவ்வரலாற்றின் உட்பொருள் என்று கருதுகிறோம். நகரத்தில் உள்ளவர் கெட்ட நீரைக் குடித்தால், அது குடிநீரோடு முடிந்துவிடும். அரிசி வேறோர் இடத்திலிருந்தும், கீரை மற்றோர் இடத்திலிருந்தும், பால் இன்னோர் இடத்திலிருந்தும் வரும். உழவர் வீட்டில் அப்படியன்று. வயலில் களைத்தால் அந்தக் கிணற்றிலேயே நீர் மொண்டு குடிக்கிறார். அந்நீரில் விளைந்த நெல்லையே வீட்டுக்கு ஒதுக்கிக்கொள்கிறார். வரப்பில் வளர்ந்த கீரை அவர் கலத்துக்கு வருகிறது. நடவு காலத்தில் முழங்கால்வரை அந்தச் சேற்றிலேயே நாள் முழுதும் நிற்கிறார். வைக்கோல் மாட்டுக்குப் போகிறது. மாடு அதே ஓடையில் நீர் குடிக்கிறது. பால் திரும்ப அவர் குழந்தைக்கு வருகிறது. தன் நிலத்தில் விளைந்ததை உண்பது பெருமை என்று நம் நாட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தோம். பட்டான்செருவில் அந்தத் தற்சார்பே வாயில்களை எல்லாம் திறந்து வைத்தது.

அவற்றுள் நெல்லின் நிலை தனியானது. நீர் தேங்கிய வயலில் காற்று மண்ணுக்குள் புகுவதில்லை. அந்நிலையில் மண்ணோடு ஒட்டிக்கிடந்த ஆர்சனிக் கரைந்து வெளிப்பட்டு, வேர் எளிதில் உறிஞ்சத்தக்க வடிவத்தை அடைகிறது. நெற்பயிர் தன் தண்டை உறுதியாக்கச் சிலிக்காவை மண்ணிலிருந்து எடுக்கும். ஆர்சனிக்கின் அவ்வடிவம் சிலிக்கா செல்லும் வழியிலேயே உள்ளே நுழைந்துவிடுகிறது; பயிருக்கு வேறுபாடு தெரிவதில்லை. வேரில் மிகுதியும், வைக்கோலில் அடுத்தும், அரிசியில் குறைவாகவும் அது தங்கும். அரிசிக்குக் குறைவு என்பது ஆறுதல்தான். ஆனால் மிகுதியைப் பெறும் வைக்கோல் எங்கே போகிறது என்பதை மேலே கூறினோம். சோளத்துக்கும் துவரைக்கும் நீர் தேங்கிய வயல் தேவையில்லை. ஆகவே புன்செய்ப் பயிருக்கு இந்தத் தொல்லை அவ்வளவு இல்லை. ஊரின் மதிப்பில் உயர்ந்த நிலமே நஞ்சுக்கு இசைந்த நிலமாயிற்று.

உடலில் அது செய்வது மெதுவான வேலை. ஆண்டுக்கணக்கில் அருந்தியபின் உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துக் கரடுபடும். மார்பிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்தாற்போல் கரும்புள்ளியும் வெண்புள்ளியும் தோன்றும். பின்னர் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோய் வரக்கூடும். மண்வெட்டி பிடித்துக் காய்த்த உழவரின் கையில், கடும் உழைப்பின் காய்ப்பையும் ஆர்சனிக்கின் காய்ப்பையும் முதல் பார்வையில் பிரித்தறிவது மருத்துவர்க்கும் எளிதன்று. உழவர் பிந்தியே மருத்துவரிடம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அளவையும் சொல்லிவிடுவோம். ஒரு லிட்டர் குடிநீரில் 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்சனிக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1993இல் வகுத்தது. முன்பு 50 வரை இசைந்திருந்த இந்தியத் தரநிர்ணயமும் பின்னர் அந்தப் பத்தையே ஏற்றது. ஒரு கிராம் ஆர்சனிக் ஒரு லட்சம் லிட்டர் நீரை அந்த எல்லைக்குக் கொண்டு சேர்த்துவிடும். தொழிற்கூடங்கள் கணக்கிடுவதோ டன்னில்.

நம் நாட்டில் ஆர்சனிக் என்றவுடன் வங்காளமே நினைவுக்கு வரும். 1983இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் தோல்நோய் மருத்துவர் கே. சி. சாகா, கிராமத்திலிருந்து வந்த நோயாளிகளின் தோலைக் கண்டு அது ஆர்சனிக் என்று உணர்ந்தார். ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்கரவர்த்தி பல்லாண்டுகள் ஊர் ஊராகச் சென்று குழாய்க்கிணறுகளைச் சோதித்தார். அண்டை நாடான வங்கதேசத்தில் 1993இல் அதே நஞ்சு கண்டறியப்பட்டது. குளத்து நீரால் வரும் வாந்திபேதியிலிருந்து மக்களைக் காக்கவே அங்கே குழாய்க்கிணறுகள் தோண்டப்பட்டன என்பது நெஞ்சை உறுத்தும் செய்தி. அங்கெல்லாம் ஆர்சனிக் இமயத்திலிருந்து ஆறுகள் கொணர்ந்த வண்டலில் இருந்தது. யாரும் கொண்டுவந்து கொட்டவில்லை. நமக்கு அருகிலேயே, முன்னாள் ஐதராபாத் சமஸ்தானத்தைச் சேர்ந்த யாத்கிரி, ராய்ச்சூர் மாவட்டங்களில், பொன் கிடைக்கும் பாறைப் பகுதியின் சில ஊர்களிலும் நீரில் ஆர்சனிக் உண்டு. அங்கும் அது பாறையில் பொன்னோடு உடன்பிறந்தது.

பட்டான்செருவின் கதைக்கு நெருங்கிய உறவு கல்கத்தாவின் தென்பகுதியான பெஹாலா. அங்கே பாரிஸ் பச்சை என்னும் பூச்சிக்கொல்லியைச் செய்த தொழிற்கூடம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தன் கழிவைத் தரையில் விட்டது. சுற்றியிருந்த வீடுகளின் குழாய்க்கிணறுகள் நஞ்சாயின. கங்கைச் சமவெளி மாவட்டங்களில் யாரைக் குற்றம் சொல்வது என்ற கேள்விக்கு மண்ணியலே விடை. பெஹாலாவிலும் பட்டான்செருவிலும் விடையாக ஒரு கதவெண் உண்டு. அப்படியிருந்தும் பட்டான்செரு உழவர் நீதி தேடி நடந்த தூரம் சிறிதன்று.

1989ஐ ஒட்டி மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டில் மிகவும் கெட்டுப்போன பகுதிகள் என 24 இடங்களைக் குறித்தது. அதில் பட்டான்செரு - பொல்லாரம் இருந்தது. நம் மணலியும் வட ஆர்க்காடும் கூட இருந்தன. 1990இல் உச்சநீதிமன்றத்தில் பட்டான்செருவுக்காகப் பொதுநல மனு தாக்கலாயிற்று. சங்காரெட்டியில் இருந்த மாவட்ட நீதிபதி உழவரின் இழப்பை விசாரித்து அறிக்கை தர வேண்டும் என்றும், கெட்ட நீரால் வாடும் ஊர்களுக்குக் குழாய் வழியே குடிநீர் தர வேண்டும் என்றும் ஆணைகள் பிறந்தன. இழப்பீடு கணக்கிடப்பட்டது.

அந்தக் கணக்கு எவ்வாறு அமைந்தது என்பது வரலாற்று மாணவர் ஊன்றிக் காணவேண்டிய இடம். நிலம் எத்தனை ஏக்கர், அதில் நன்செய் எவ்வளவு, புன்செய் எவ்வளவு, எத்தனை ஆண்டு விளைச்சல் இழப்பு என்று அது ஏறிற்று. நிஜாம் காலத்து வருவாய்ச் சொற்களான தரி, குஷ்கி ஆகியவை இத்தகைய கணக்குகளுக்குப் பெரிதும் உதவுவன. நிலத்துக்கு வகைப்பாடு உண்டு. விளைச்சலுக்கு விலை உண்டு. நகத்தில் சேர்ந்த ஆர்சனிக்குக்கு அவ்வாறு ஓர் அட்டவணை இல்லை. நிலமில்லாத கூலியாளரும் அதே சேற்றில்தான் நாற்று நட்டனர். ஏக்கர்க் கணக்கில் அவருக்கு இடம் எங்கே? நிலவரி வாங்குவதற்காக வகுத்த ஏட்டைக் கொண்டு உடல்நலத்தை அளந்தால், ஏட்டில் இருப்பது மட்டுமே கணக்கில் வரும். இதை நீதிபதிகளின் குறையாக நாம் காணவில்லை. அவர்கள் கையில் கிடைத்த முழுமையான ஆவணம் அது ஒன்றே. ஊர் மக்களின் நோயை வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்த அறிக்கை ஒன்றை கிரீன்பீஸ் அமைப்பு 2004இல் வெளியிட்டது. மேற்சொன்ன நகம், மயிர் ஆய்வு 2003இல் வெளிவந்தது. இரண்டும் இழப்பீட்டுக் கணக்கு தொடங்கிய காலத்துக்குப் பிந்தியவை.

நம் வேலூர் மாவட்டத்துத் தோல் தொழிற்சாலைகளைக் குறித்து 1996 ஆகஸ்டு 28 அன்று உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, கெடுத்தவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறியை நாட்டின் சட்டமாகவே அறிவித்தது. பாலாற்றங்கரை உழவரின் பட்டறிவும் நரியோடைக் கரை உழவரின் பட்டறிவும் ஒரே ஆண்டுகளில், ஒரே நீதிமன்றத்தில், வெவ்வேறு கட்டுகளாக அடுக்கப்பட்டிருந்தன. பட்டான்செரு வழக்கு 2001இல் மாநில உயர்நீதிமன்றத்துக்கும், பின்னர் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கும் சென்றது. தீர்ப்பாயம் 2017 அக்டோபரில் தீர்ப்புக் கூறியது. மனுவுக்கும் அத்தீர்ப்புக்கும் இடையே 27 ஆண்டுகள். அந்த ஆண்டில் பிறந்த குழந்தை அதற்குள் தானே குழந்தை பெற்றிருக்கும்.

கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்துக்குப் பிறகு மற்றொரு திட்டமும் வந்தது. பட்டான்செருவிலிருந்து சுத்திகரித்து வரும் நீரை ஏறத்தாழ 18 கிலோமீட்டர் குழாய் வழியே நகரின் சாக்கடைத் தொகுதியில் சேர்த்து, ஆம்பர்பேட்டைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுசென்று மூசி ஆற்றில் விடுவதே அது. நரியோடை கோதாவரியைச் சேர்ந்தது; மூசி கிருஷ்ணையைச் சேர்ந்தது. கோதாவரிப் படுகையின் சிக்கலை மேட்டைத் தாண்டிக் கிருஷ்ணைப் படுகைக்கு அனுப்பினர். மூசிக் கரையில் நல்கொண்டா வரையில் புல்லும் கீரையும் நெல்லும் பயிரிடும் உழவர் உண்டு. பொறியாளரின் வரைபடத்தில் இது தீர்வாகத் தோன்றலாம். உழவரின் வரைபடத்தில் இது முகவரி மாற்றமே.

2007இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் யோவாகிம் லார்சனும் உடனிருந்தோரும் பட்டான்செரு நிலையத்திலிருந்து வெளியேறும் நீரைச் சோதித்தபோது, அதில் சிப்ரோபிளாக்சசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருக்கக் கண்டனர். ஏறத்தாழ 90 மருந்துத் தொழிற்கூடங்களின் கழிவு சேரும் நிலையம் அது. அச்செய்தி உலகெங்கும் பரவியது. பட்டான்செருவின் பெயர் அயல்நாட்டு ஏடுகளில் இடம்பெற்றது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் அங்கே தோன்றி உலகைச் சுற்றலாம் என்ற அச்சம் அதற்குக் காரணம். அது நியாயமான அச்சமே. ஆயினும் உழவரின் உடலில் தங்கி, ஊரைவிட்டு வெளியே செல்லாத ஆர்சனிக்கைப் பற்றி அத்தனை ஏடுகள் எழுதவில்லை என்பதையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும். தொற்றாத நோய்க்குப் புகழ் குறைவு.

இன்று அவ்வூர்களின் தோற்றம் வேறு. நகரைச் சுற்றிய வெளிவட்டச் சாலை முத்தங்கி, சுல்தான்பூர் வழியே செல்கிறது. இந்திரேசம், கிஷ்டாரெட்டிப்பேட்டை முதலிய ஊர்களில் வயல்கள் மனைகளாகி, அடுக்குமாடி வீடுகள் எழுந்துள்ளன. வாங்கிக் குடியேறுவோரில் பல மொழியினரும் உண்டு, நம்மவரும் உண்டு. மருந்து காலப்போக்கில் சிதையும், அமிலம் நீர்த்துப்போகும். ஆர்சனிக் தனிமம். அதற்குச் சிதைவு இல்லை. ஏரியின் அடிச்சேற்றிலும் கிணற்றுப் பாறையிடுக்கிலும் அது வடிவம் மாறிக்கொண்டிருக்குமேயன்றி இல்லாமற் போகாது.

ஆகவே அப்பக்கம் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்துவோர் சில செய்திகளை அறிந்துகொள்வது நலம். உப்பும் கடினத்தன்மையும் பார்க்கும் வழக்கமான நீர்ச் சோதனை ஆர்சனிக்கைக் காட்டாது. ஆர்சனிக் என்று தனியே எழுதிக்கொடுத்துக் கேட்டால்தான் ஆய்வுக்கூடத்தார் அதைப் பார்ப்பார்கள். கொதிக்கவைத்தால் அது போகாது. நீர் ஆவியாகி நஞ்சு சற்றுச் செறியும். வீட்டுச் சுத்திகரிப்புக் கருவி அதன் ஒரு வடிவத்தை நன்றாகத் தடுக்கும், மற்றொரு வடிவத்தை ஓரளவே தடுக்கும். மழைக்கு முன்னும் பின்னும் நீர்மட்டம் மாறுவதால் ஆண்டுக்கு இருமுறை சோதிப்பது நன்று. சோதனைச் சீட்டில் வரும் எண் 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் அந்நீரைக் குடிக்கவும் சமைக்கவும் கூடாது. துணி துவைக்கவும் வாசல் தெளிக்கவும் தடையில்லை.